முடிவெடுக்காத மார்லிஸும் தண்ணீர் குடித்த வேட்பாளர்களும்

மார்லிஸ் சொன்ன எதையும் அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆகவே, செப்டம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தொலைபேசியில் கருத்துக்கணிப்பு எடுத்த பெண்ணிடம் "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்று அவள் சொன்னபோது, அதைக் கேட்டு நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஹோல்பெக் என்ற சிற்றூரில் அவளுடைய கணவன் வெர்னும் அண்ணன் டெல்மரும் கூட்டாக, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடம் ஒன்றை நடத்தி வந்தார்கள். போன ஜனாதிபதித் தேர்தலில் வெர்ன் ஒரு கட்சி, டெல்மர் அடுத்த கட்சி. முடிவு வெளியான அன்று இருவருக்கும் மூண்ட சண்டையில் ஒரு பீர் ஜாடியும் முப்பது வருட சிநேகமும் உடைந்தன. மறுநாள் காலையில் டெல்மர் மஞ்சள் நாடா ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவே ஒட்டினான். இடப்பக்கத்துத் தடங்கள் வெர்னுக்கு, வலப்பக்கத்துத் தடங்கள் டெல்மருக்கு. விளையாட வருபவர்களுக்கு ஷூ வாடகைக்குக் கொடுக்கும் மேசை சரியாக நடுவில் இருந்ததால் நாடா அதன்மேலும் ஏறி இறங்கிப் போயிற்று. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் மார்லிஸ்.

அன்றிலிருந்து இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. பேச வேண்டியதை மார்லிஸிடம் பேசினார்கள்.

"மார்லிஸ், உங்க அண்ணன்கிட்ட சொல்லு. அவரு பக்கம் கூரை ஒழுகி, தண்ணி கோடு தாண்டி என் பக்கம் வருது."

"மார்லிஸ், உன் புருஷன்கிட்ட சொல்லு. தண்ணிக்குக் கட்சி கிடையாது."

இவ்வளவுக்கும் இருவரும் கைநீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரத்தில்தான் நிற்பார்கள். ஆனாலும் மார்லிஸ் வாய்திறந்து மறுபடி சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

போன ஜனவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, டெல்மர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தன் பக்கத்துத் தடத்தில் விழுந்தான். மார்லிஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ஹோல்பெக்கின் ஆம்புலன்ஸைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று மாவட்ட நிர்வாகம் எடுத்துவிட்டிருந்தது. பக்கத்து மாவட்டத்திலிருந்து வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்கள். வெர்ன் மஞ்சள் நாடாவைத் தாண்டிப் போய், மைத்துனனைத் தூக்கித் தோளில் போட்டு, பீர் ஏற்றிவரும் வேனில் பீப்பாய்களுக்கு நடுவே கிடத்தி, வழுக்கும் சாலையில் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனான். வழி முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது வெர்ன், "மார்லிஸ்கிட்ட கேட்டுக்குங்க" என்றான். டெல்மர் பிழைத்து வந்தான். வந்ததும் மார்லிஸிடம், "உன் புருஷன்கிட்ட நன்றின்னு சொல்லு" என்றான். அவ்வளவுதான்.

ஆகவே கருத்துக்கணிப்புப் பெண் போனில், "ஜனாதிபதி தேர்தல்ல யாருக்குங்க ஓட்டு?" என்று கேட்டபோது, கூடத்தில் உருண்டுகொண்டிருந்த பந்துகள்கூட மெல்ல உருண்டன. வெர்ன் துடைத்த தம்ளரையே துடைத்தான். டெல்மர் கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். ஒரு பேரைச் சொன்னால் கணவன் போய்விடுவான், இன்னொரு பேரைச் சொன்னால் அண்ணன். அது ஒருபுறமிருக்க, மார்லிஸுக்கு உண்மையிலேயே தெரியவும் இல்லை. இரண்டு வேட்பாளர்களும் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை.

"இன்னும் முடிவு பண்ணலைங்க."

அடுத்த திங்கட்கிழமை கேண்டிஸ் வந்து இறங்கினாள். தொலைக்காட்சி நிலையத்தில் 'முடிவெடுக்காத வாக்காளர் பிரிவு' என்று ஒன்று உண்டாம். அதற்கு அவள் துணைத் தலைவி. காதில் ஒரு கருவி, கையில் மார்லிஸுக்கென்று ஒரு பூங்கொத்து.

"மேடம், நிஜமாவே முடிவு பண்ணலையா?"

"இல்லீங்க."

"இப்படி அப்படி லேசாக்கூட சாயலையா?"

"எந்தப் பக்கம் சாயணும்?"

கேண்டிஸின் கண்கள் பனித்தன. காதுக்கருவியில் யாரிடமோ, "எந்தப் பக்கம்னு என்னையே கேக்குறாங்க!" என்று குழறினாள். பிறகு மார்லிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியாது மேடம். இந்த மாநிலத்துல முடிவு பண்ணாதவங்களைத் தேடிப் பிடிச்சா ஒரு பஸ்ஸுக்குக்கூடத் தேற மாட்டாங்க. போன வாரம் அருமையா ஒருத்தர் மாட்டினாரு. அவரு மச்சினி ஊர்லேர்ந்து வந்து சாயந்தரம் பூரா பேசிக் கெடுத்துட்டா."

மில்வாக்கி நகரத்தில் ஒரு ஹோட்டல் அரங்கில் மற்ற முடிவெடுக்காதவர்களோடு உட்கார்ந்து வேட்பாளர்களின் விவாதத்தைப் பார்க்க வேண்டும், பிடித்தால் பிடித்தது என்றும் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றும் ஒரு குமிழைத் திருகிக் காட்ட வேண்டும், நாடே அதைப் பார்க்கும் என்று கேண்டிஸ் விளக்கினாள். அதுவரை செய்தித்தாள் படிக்கக் கூடாது. யாராவது காரணகாரியத்தோடு பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விட வேண்டும். நன்றாகத் தூங்க வேண்டும்.

"அங்க நான் ஒரு விஷயம் பேசலாமா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"என்ன விஷயம்?"

"ஆம்புலன்ஸ்."

"விவாதம் முடிஞ்சதும் உங்களுக்குன்னு ஒரு நிமிஷம் தர்றோம் மேடம். என்ன வேணா பேசுங்க. இது உங்க நாடு."

அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மார்லிஸ் ஒத்துக்கொண்டாள்.

அரங்கில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் நல்ல கோட்டும் படிய வாரிய தலையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து கைகொடுத்தார்.

"நான் ஆர்லின். முடிவெடுக்காதவர். நீங்க?"

"மார்லிஸ். பௌலிங்."

"முதல் தடவையா? எனக்கு இது ஆறாவது தேர்தல்."

"ஆறு தேர்தலாவா முடிவு பண்ணாம இருக்கீங்க?"

"பண்ணிட்டா யாரும்மா நமக்கு ரூம் போட்டு, மாட்டுக்கறி வறுத்துப் போடுவாங்க?" என்று ஆர்லின் குரலைத் தாழ்த்தினார். "சுலபமில்லைங்க. கட்டுப்பாடு வேணும். ஒரு தடவை தூக்கத்துல லேசா ஒரு பக்கம் சாஞ்சுட்டேன். அலறி எந்திரிச்சேன். பச்சைத் தண்ணில குளிச்சேன். அப்புறம்தான் சரியாச்சு."

நிகழ்ச்சியை நடத்தியவர் கிர்பி ஸ்டாண்டிஷ். பற்கள் முதலில் வர, அவர் பின்னால் வந்தார். அவரோடு வந்தவர் பேராசிரியர் லீலண்ட் பார்சன்ஸ். வாக்காளர்களின் மணிக்கட்டைப் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதியவர். அவர் ஆளுக்கொரு குமிழைக் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பர்களே! உங்கள் கையில் இருப்பது குமிழ் என்று நினைக்காதீர்கள். அது இந்தக் குடியரசின் நாடி. பூஜ்யம் என்றால் வெறுப்பு. நூறு என்றால் பரவசம். உங்கள் கைகள் சேர்ந்து திரையின் அடியில் ஒரு கோடாக ஓடும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஒருபோதும் ஆசைப்பட்டதில்லை. நினைக்கும்போது கை எங்கே இருக்கிறது என்பதுதான் அறிவியல். ஆகவே தயவுசெய்து யோசிக்காதீர்கள். யோசித்தால் கோடு நடுங்குகிறது. விளம்பரதாரர்களுக்கு நடுக்கம் பிடிப்பதில்லை."

"முடிவு வர்ற மாதிரி இருந்தா கையைத் தூக்குங்க," என்று கேண்டிஸ் சேர்த்துக்கொண்டாள். "பக்கத்து ரூம்ல கட்டில் போட்டிருக்கோம்."

விவாதம் தொடங்கியது. வேறொரு நகரத்து மேடையில் ஆளுநர் ஹார்லன் ப்ரிஸ்கோவும் செனட்டர் அடீல் கான்ராயும் நின்றார்கள். வெர்னின் ஆள் ஆளுநர். டெல்மரின் ஆள் செனட்டர். முதல் அரைமணி நேரம் ஆளுநர், செனட்டர் நாட்டை அழித்துவிடுவார் என்றார். செனட்டர், ஆளுநர் ஏற்கெனவே அழித்துவிட்டார் என்றார். கோடு பாலைவனம்போல் நேராக ஓடியது. ஆர்லின் தன் குமிழைச் சரியாக ஐம்பதில் வைத்து, அதன்மேல் விரல்படாமல் பார்த்துக்கொண்டார்.

அப்போது அந்த மேடையில் இருந்த நெறியாளர் கேட்டார்: "சிற்றூர்களில் ஆம்புலன்ஸ் சேவை மூடப்பட்டு வருகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?"

மார்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை தானாகவே குமிழை மேலே திருகியது. இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வியே அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"மிக முக்கியமான கேள்வி," என்றார் ஆளுநர். "இதற்குப் பதில் சொல்லும் முன் என் தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. பழுப்பு நிற பூட்ஸ். அந்த பூட்ஸோடு அவர் உழைத்தார். அந்த பூட்ஸ்தான் அமெரிக்கா."

"மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அதே பூட்ஸைக் கறுப்பு என்று ஆளுநர் சொன்னார்," என்றார் செனட்டர். "சொந்தத் தந்தையின் பூட்ஸ் விஷயத்தில் நிலைமாறுகிறவரிடம் அணுகுண்டுப் பொத்தானைக் கொடுக்கலாமா?"

"பழுப்பு பூட்ஸுக்குக் கறுப்பு மெழுகு போட்டார்!"

"அப்படியானால் உண்மையை மெழுகு போட்டு மறைக்கும் குடும்பம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!"

ஆம்புலன்ஸுக்கென்று ஒதுக்கப்பட்ட நேரம் பூட்ஸில் முடிந்தது. மார்லிஸ் குமிழைப் பூஜ்யத்துக்கு இழுத்தாள். அது அதற்குக் கீழே போகுமா என்றும் அழுத்திப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆளுநருக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது. இருமினார். பேச்சை நிறுத்திவிட்டுத் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மேடையில் சத்தமே இல்லை. அரங்கிலும் இல்லை. மார்லிஸின் தோள்கள் இறங்கின. நான்கு வருடங்களாக இரண்டு பக்கமிருந்தும் காதில் விழுந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்றதுபோல் இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே குமிழை நூறுக்குத் திருகிவிட்டாள். சுற்றிப் பார்த்தால் அரங்கில் எல்லோர் கையும் நூறில் இருந்தது. ஆர்லின் மட்டும் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரையின் அடியில் கோடு செங்குத்தாக ஏறி, ஆளுநரின் கழுத்துப்பட்டையைத் தொட்டது.

"வரலாறு!" என்று கத்தினார் பேராசிரியர் பார்சன்ஸ். "இந்தக் குமிழ் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து எந்தக் கொள்கையும் இந்த உயரத்தைத் தொட்டதில்லை!"

விளம்பர இடைவேளை வந்தது. அதற்குள் இரு வேட்பாளர்களின் ஆலோசகர்களும் மேடைக்கு ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். இடைவேளை முடிந்தபோது செனட்டர் முன்னால் ஒரு ஜாடி இருந்தது. ஆளுநர் முன்னால் இரண்டு.

"செனட்டர் அவர்களே, வரியைக் குறைப்பீர்களா, கூட்டுவீர்களா?"

செனட்டர் காமிராவை உற்றுப் பார்த்தபடி ஒரு முழுத் தம்ளரை நிதானமாகக் குடித்தார். கோடு ஏறியது.

"ஆளுநரே, உங்கள் மறுப்பு?"

ஆளுநர் ஜாடியையே எடுத்து வாயில் வைத்தார். தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. கோடு இன்னும் ஏறியது.

"நேரம் முடிந்தது, ஆளுநரே. ஆளுநரே, தயவுசெய்து விழுங்குவதை நிறுத்துங்கள். எதிர்த்தரப்பின் நேரத்தில் குடிக்கிறீர்கள்."

வெளியுறவுக் கொள்கை வந்தபோது ஆளுநர் ஒற்றைக் காலில் நின்றார். எல்லைப் பாதுகாப்பு வந்தபோது செனட்டர் கால்களைப் பின்னிக்கொண்டார். நெறியாளர், "இறுதி உரை, தலா இரண்டு நிமிடம்" என்றதும் இருவரும் ஒரே குரலில், "வேண்டாம்!" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு எதிரெதிர்த் திசைகளில் ஓடினார்கள். அன்றைய விவாதத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அது என்று மறுநாள் பத்திரிகைகள் மனமாரப் பாராட்டின.

கிர்பி ஸ்டாண்டிஷ் ஒலிவாங்கியோடு மார்லிஸிடம் வந்தார். நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஹோல்பெக்கைச் சேர்ந்த மார்லிஸ்! முடிவெடுக்காதவர்! சொல்லுங்க, யாரு ஜெயிச்சாங்க?"

"அது தெரியலீங்க. நான் ஆம்புலன்ஸ் பத்திப் பேசணும். எங்க ஊருக்கு வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. எங்க அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தப்ப என் வீட்டுக்காரர் பீர் வேன்ல தூக்கிப் போட்டுட்டுப் போனாரு."

"அருமை! மனசைத் தொடுது! இது ஆளுநருக்குச் சாதகமா, செனட்டருக்கா?"

"யாருக்கு நெஞ்சு வலிக்குதோ அவங்களுக்கு."

கிர்பி பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் முன்னால் வந்தார். "இவர் ஆம்புலன்ஸ் என்று சொல்வது ஓர் உருவகம். நோயுற்ற தேசம், தாமதமாக வரும் நம்பிக்கை. ஆழமான சொல்லாட்சி."

"உருவகம் இல்லீங்க," என்றாள் மார்லிஸ். "வண்டி. வெள்ளைக் கலர்ல இருக்கும். மேல விளக்கு சுத்தும்."

"அப்ப உங்க ஓட்டு?"

மார்லிஸுக்குப் பக்கத்து அறைக் கட்டில் ஞாபகத்துக்கு வந்தும் அவள் கையைத் தூக்கவில்லை.

"அந்த வண்டியை யாரு தர்றாங்களோ அவங்களுக்குத்தான். முடிவு பண்ணிட்டேன்."

அரங்கு அலறியது. "நேரலையில! நேரலையிலேயே முடிவு பண்ணிட்டாங்க!" என்று கேண்டிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆர்லின் நாற்காலியைப் பரபரவென்று தள்ளிப் போட்டுக்கொண்டு கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். இது தொற்றும் என்பது அவர் அனுபவம். கிர்பி சிரித்த முகத்தோடு, பல்லிடுக்கில், "விளம்பரம், விளம்பரம்" என்றார். நாய் உணவுக்கான விளம்பரம் வந்தது.

மறுநாள் காலையில் நிபுணர்கள் கூடி மார்லிஸ் என்ன ஆனாள் என்று ஆராய்ந்தார்கள். முடிவெடுத்தவள் என்றால் அவளைத் திரையில் காட்டக் கூடாது. முடிவெடுக்காதவள் என்றாலோ பொய். கடைசியில் 'நிபந்தனையின்பேரில் முடிவெடுத்த நடுவயதுப் பெண்மணி' என்று புது வகை ஒன்றை உண்டாக்கி, அந்த வகையினர்தான் இந்தத் தேர்தலைத் தீர்மானிப்பார்கள் என்று அறிவித்தார்கள். அந்த வகையில் மார்லிஸ் ஒருத்திதான் இருந்தாள். ஆகவே அந்தச் சனிக்கிழமை இரண்டு வேட்பாளர்களும் ஹோல்பெக்குக்கு வந்தார்கள்.

இரண்டு ஊர்வலங்களும் ஒரே நேரத்தில் நுழைந்ததில் ஊரின் ஒரே போக்குவரத்து விளக்கு எரிந்துபோயிற்று. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கார்கள், பத்திரிகையாளர் பஸ், கடைசியில் ஒரு ஆம்புலன்ஸ். வேட்பாளர் எங்கே போனாலும் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, வருடக்கணக்காக ஒன்றுகூட இல்லாத ஊரில் இப்போது இரண்டு ஆம்புலன்ஸ்கள், பௌலிங் கூடத்துக்கு வெளியே இன்ஜின் ஓட நின்றன.

ஆளுநர் மஞ்சள் நாடாவுக்கு இடப்பக்கம் நின்றார். செனட்டர் வலப்பக்கம். மார்லிஸ் வழக்கம்போல் நடுவில்.

"மார்லிஸ்!" என்றார் ஆளுநர், எல்லாக் காமிராக்களுக்கும் கேட்கும்படி. "நான் உங்கள் குரலைக் கேட்டேன். அன்று இரவு நான் தூங்கவில்லை."

"அவ்வளவு தண்ணி குடிச்சா எப்படித் தூக்கம் வரும்?" என்றாள் மார்லிஸ்.

"பதவியேற்ற முதல் நாளே," என்று ஆளுநர் தொடர்ந்தார், "ஆம்புலன்ஸைப் பற்றி ஒரு தேசிய உரையாடலைத் தொடங்குவேன்!"

"உரையாடல் போதாது!" என்றார் செனட்டர். "உரையாடல் தேவையா என்று பரிசீலிக்க உயர்மட்டக் குழு அமைப்பேன். அதில் நிபுணர்கள் இருப்பார்கள். பல்வேறு பின்னணியிலிருந்து வந்த நிபுணர்கள்!"

"வண்டி எப்பங்க வரும்?"

"அது ஏற்கெனவே வந்துவிட்டது, மார்லிஸ்," என்று ஆளுநர் நெஞ்சில் கைவைத்தார். "நம் இதயத்துக்குள்."

"அங்கிருந்து வெளியில எப்ப வரும்?"

ஆளுநர் பக்கத்தில் ஓர் ஆலோசகர் வந்து தண்ணீர்த் தம்ளரை நீட்டினார்.

மார்லிஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக மில்வாக்கி போனதும், ஊர் முன்னால் வாய்விட்டுக் கேட்டதும் இந்தத் தம்ளரில் வந்து முடிகிறதே என்று இருந்தது. அண்ணன் மறுபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் மறுபடியும் பீர் வேன்தான்.

வெர்ன் அவளைப் பார்த்தான். பிறகு சன்னல் வழியாக வெளியே பார்த்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் இருவரும் எதிர்க்கடையில் பொரித்த பாலாடைக்கட்டி வாங்க வரிசையில் நின்றிருந்தார்கள்.

"மச்சான்," என்றான் வெர்ன்.

மார்லிஸ் பழக்கதோஷத்தில் மறுபக்கம் திரும்பி, "அண்ணா, வெர்ன் சொல்றாரு, மச்சான்னு…" என்று ஆரம்பித்தாள்.

"கேட்டுச்சு," என்றான் டெல்மர். "என்ன, மாப்ள?"

"வண்டில ஆள் இல்ல."

"பாத்தேன்."

"சாவி அதுலயே இருக்கு."

"ரெண்டுலயும் இருக்கு."

அதற்குமேல் அவர்களுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. ஆளுநர் பந்தை உருட்டி அது தடத்தின் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து, அது தற்செயலா தந்திரமா என்று பேராசிரியர் பார்சன்ஸ் நேரலையில் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு வெள்ளை வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருமுனை திரும்பின. ஊர்த் தீயணைப்புக் கொட்டகைக்குள் போய் நின்றன. கதவை இழுத்துப் பூட்டிவிட்டு வெர்னும் டெல்மரும் அதில் முதுகைச் சாய்த்து வாசலில் உட்கார்ந்து, தெருவை வேடிக்கை பார்த்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் ஆளுநரின் ஆலோசகர்கள் வெளுத்துப் போனார்கள். "ஆளுநரின் ஆம்புலன்ஸ் திருட்டு" என்று தலைப்பு வந்தால் மூன்று மாநிலங்களின் ஓட்டு போய்விடும். தலைமை ஆலோசகர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"வண்டி திருடுபோகவில்லை! ஆளுநர் அதை ஹோல்பெக் மக்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். வெகுநாளாகத் திட்டமிட்டது. அவருடைய தந்தையின் கனவு."

செனட்டரின் ஆலோசகர் அவரை முந்திக்கொண்டு இன்னொரு ஒலிவாங்கியைப் பிடித்தார். "செனட்டர் தம்முடைய வண்டியை அதற்கு முன்பே கொடுத்துவிட்டார்! அடக்கத்தினால் சொல்லவில்லை!"

"எங்கள் வண்டிதான் முதலில் தெரு திரும்பியது!"

"மனதளவில் நாங்கள் ஆகஸ்டிலேயே கொடுத்துவிட்டோம்!"

யார் முதலில் கொடுத்தது என்பதற்காகத் தனியாக இன்னொரு விவாதம் ஒளிபரப்பானது. அதற்கும் ஆர்லின் போனார். அதிலும் முடிவெடுக்காமல் திரும்பினார்.

ஒரே ஒருவருக்குத்தான் இதில் கலப்படமில்லாத ஆனந்தம். கேண்டிஸ் மூச்சிரைக்க மார்லிஸைக் கூப்பிட்டாள். "மேடம்! யாரு வண்டி தர்றாங்களோ அவங்களுக்குன்னு சொன்னீங்க. இப்ப ரெண்டு பேரும் தந்துட்டாங்க. அப்படின்னா நீங்க… மறுபடியும்…"

"ஆமாங்க," என்றாள் மார்லிஸ். "மறுபடியும் தெரியலைதான்."

கேண்டிஸ் அழுதுவிட்டாள். ரூம் போடுவதாகச் சொன்னாள். மார்லிஸ் மறுத்துவிட்டாள்.

நவம்பரில் வாக்குப்பதிவு நாளன்று காலையில், கார் இல்லாதவர்களை வாக்குச்சாவடிக்கு ஏற்றிப்போவதற்காகத் தீயணைப்புக் கொட்டகையிலிருந்து ஒரு வண்டியை எடுத்தார்கள். வெர்ன் ஓட்டினான். டெல்மர் கதவோரம். நடுவில் மார்லிஸ்.

அந்தச் சனிக்கிழமை மறுபடி பேச ஆரம்பித்த அந்த இருவரும் அதற்குப்பின் வாயை மூடவேயில்லை. நான்கு வருடப் பேச்சு பாக்கியிருந்தது.

"சொந்த அப்பன் பூட்ஸ் என்ன கலர்னு தெரியாதவனுக்கு ஓட்டுப் போடுவியா, மாப்ள?"

"உன் ஆளு மட்டும் என்ன? குழு அமைக்கணுமான்னு கேக்குறதுக்கே ஒரு குழு!"

"குழுன்னா அதுல நாலு படிச்சவங்க இருப்பாங்கய்யா!"

"படிச்சவன் எவன்யா நம்ம ஊருக்கு வண்டி கொண்டாந்தான்? நாம ரெண்டு பேரும்தானே கொண்டாந்தோம்!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"நீ எங்க சொன்ன? நான் சொன்னேன்!"

"மார்லிஸ், நீ சொல்லு. நீ யாருக்குப் போடப் போற?"

"ஆமா மார்லிஸ், நீயே சொல்லு. பயப்படாத. நாங்க ரெண்டு பேரும் இப்ப ராசி."

மார்லிஸ் இரண்டு முகங்களையும் பார்த்தாள். அவள் கை முன்னால் நீண்டு, வண்டியின் முன்பலகையில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

தலைக்குமேல் சங்கு வீறிட்டது. சாலையில் போன பால்வண்டி ஒதுங்கி நின்றது. வெர்னின் வாய் அசைந்தது. டெல்மரின் வாயும் அசைந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. மார்லிஸ் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வயல்களைப் பார்த்தபடி, யாருடைய குறுக்கீடும் இல்லாமல் முதல் தடவையாக யோசித்தாள். வண்டி, வாக்குச்சாவடி வைத்திருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் போய் நிற்பதற்குள் முடிவு பண்ணிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.